கடைசியில் வாங்க வேண்டிய கிராபிக்ஸ் கார்டு

ஆடி பிறந்துவிட்டால் கல்யாண மண்டபங்களில் ஆளரவம் இருக்காது. மார்கழியிலும் அப்படித்தான். முகூர்த்தம் இல்லாத இந்த இரண்டு மாதங்களும் ஸ்டுடியோக்காரர்களுக்கு ஓய்வு. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவருக்கோ கை ஓயாத வேலை. வைகாசி, ஆனி முகூர்த்தங்களில் எடுத்ததையெல்லாம் எடிட் செய்து கொடுத்து, பாக்கிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, ‘ஆவணி பொறக்கறதுக்குள்ள மெஷினை மாத்திடணும்’ என்று அவர்கள் கிளம்பி வருவது அப்போதுதான்.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் சுமார் 9 கிலோமீட்டரில் இருக்கிறது திருவிடைமருதூர். வெளியூர்க்காரர்களுக்கு மகாலிங்க சுவாமி கோயிலும் தைப்பூசமும் தெரியும். ஒரு பக்கம் திருபுவனம் பட்டுத் தறிகள், மறுபக்கம் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம். நடுவே, பல ஆண்டுகளாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வரும் ஒருவரின் சின்னக் கடை. பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சென்னை ரிச்சி தெருவில் தொழில் பழகி, ஊருக்கே திரும்பி வந்தவர் அவர். சுற்று வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் கும்பாபிஷேகம் என்று எதைப் படம்பிடித்தாலும், அதை எடிட் செய்கிற மெஷினில் ஒரு ஸ்க்ரூவாவது அவர் கைப்பட்டதாக இருக்கும்.

வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். “அண்ணே, எடிட்டிங்கும் ஓடணும், பையன் கேமும் ஆடணும். அறுபதுக்குள்ள முடிச்சுக் குடுங்க.” அறுபது என்றால் அறுபதாயிரம். கையில் ஒரு யூடியூப் வீடியோ இருக்கும். அதில் கண்ணாடிப் பெட்டிக்குள் வண்ண விளக்குகள் சுற்றும் ஒரு மெஷின் இருக்கும். அவர் அதைப் பார்க்கமாட்டார். “என்ன கேமரா வச்சிருக்கீங்க? கிளிப் ஒண்ணு குடுங்க” என்பார். வீட்டில் ப்ளக் எங்கே இருக்கிறது, எர்த் இருக்கிறதா என்று அடுத்துக் கேட்பார். கேமராவில் பதிவாகும் ஃபைல், சுவரில் வரும் கரண்ட்: இந்த இரண்டும் தெரியாமல் மெஷினுக்குக் கணக்குப் போட முடியாது என்பது அவர் கட்சி.

ஃபைல் எப்படியெல்லாம் மாறி வந்திருக்கிறது என்பதை அறிந்தால் அந்தக் கேள்வியின் நியாயம் புரியும். கும்பகோணம் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் கதையைச் சொன்ன ‘மகாநதி’ 1994 பொங்கலுக்கு வந்தது. ஏவிட் என்ற டிஜிட்டல் எடிட்டிங் முறையைப் பயன்படுத்திய முதல் இந்தியப் படம் என்று அதைச் சொல்வார்கள். சினிமாக் கம்பெனிகள் மட்டும் தொடக்கூடியதாக இருந்த அந்த வசதி, அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் சிற்றூர் ஸ்டுடியோவின் மாடி அறைக்கு வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தது மினி டிவி டேப். கேமராவிலிருந்து ஃபயர்வயர் கேபிள் வழியே ஒரு மணி நேர டேப்பைக் கேப்சர் செய்ய ஒரு மணி நேரமே ஆகும்; ஹார்ட் டிஸ்க்கில் சுமார் 13 ஜிபி பிடிக்கும். அந்தக் கோப்பு எளிமையானது. அன்றைய பென்டியம் மெஷினே அதைத் திணறாமல் ஓட்டும்.

இன்றைய கதை வேறு. 2018-ல் வந்த சோனி ஏ7 III போன்ற கேமராவில் 4கே-யை நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்த்து இரண்டு கேமராக்கள் ஆளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜிபி. அளவுகூடப் பெரிய தொல்லை இல்லை. சுருக்கிப் பதிவான ஃபைலை விரிக்கிற வேலைதான் தொல்லை. 2021-ல் வந்த ஏ7 IV போன்ற கேமராக்களில் எச்.265 வடிவில் 10 பிட், 4:2:2 என்று பதிவு செய்யலாம். பட்டுப்புடவையின் நிறத்தை எடிட்டிங்கில் திருத்தும்போது ஜரிகையும் முகத்தின் நிறமும் கெடாமல் இருக்க இது உதவும். ஆனால் அந்த ஃபைலை விரிப்பதற்கென்று தனிச் சுற்று சிப்பில் இல்லாத மெஷினில், டைம்லைனில் வைத்து ப்ளே அழுத்தினால் படம் விட்டுவிட்டுத்தான் நகரும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விலை அதிகமான கிராபிக்ஸ் கார்டு இருந்தால் எல்லாம் ஓடும் என்று நினைக்கிறார்கள். 2025 ஜனவரியில் அறிமுகமான ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய என்விடியா ஜீஃபோர்ஸ் கார்டுகளில் இந்த 4:2:2 ஃபைலை விரிக்கும் வசதியே கிடையாது. அதே வேலையை இன்டெல்லின் 12-ஆம் தலைமுறை ஐ5-12400 பிராசசரோடு வரும் சாதாரண உள்கிராபிக்ஸ் செய்துவிடும். ‘குவிக் சிங்க்’ என்று அதற்குப் பெயர். 2011-லிருந்தே இன்டெல் பிராசசர்களில் இருந்துவரும் இந்தப் பகுதி, தலைமுறைக்குத் தலைமுறை புதிய ஃபைல் வகைகளைப் பழகிக்கொண்டு வந்திருக்கிறது.

பெயரின் முடிவில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் மட்டும் உஷாராக இருக்க வேண்டும். 12400எஃப் விலை குறைவு. ஆனால் உள்கிராபிக்ஸ் இல்லை, ஆகவே குவிக் சிங்க்கும் இல்லை. கேம் மட்டும் ஆடுகிறவருக்கு அதனால் நஷ்டமில்லை. எடிட்டருக்கு அந்த ஓர் எழுத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் மிச்சம் பிடிப்பது சரிப்படாது என்று அவர் அடித்துச் சொல்வார். இன்னொன்றும் உண்டு. தனி கிராபிக்ஸ் கார்டைச் செருகியவுடன் பல மதர்போர்டுகள் உள்கிராபிக்ஸை அணைத்துவிடும். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் அதைத் திரும்ப இயக்கிவிட வேண்டும். இதைச் செய்யாததால் மட்டும் ‘மெஷின் ஸ்லோ’ என்று பட்டறைக்கு வந்த மெஷின்களை அவர் நிறையவே பார்த்திருக்கிறார்.

ஏஎம்டி-யை அவர் ஒதுக்குவதில்லை. எட்டு பிட் ஃபைலோடு நின்றுவிடுகிற ஸ்டுடியோவுக்கும், கேமுக்கே முதலிடம் கொடுக்கும் கல்லூரி மாணவருக்கும் ரைசன் 5 5600 நல்ல சரக்கு. கார்டே வேண்டாம் என்கிறவருக்கு 5600ஜி. இந்த ‘ஜி’ வகையில் உள்கிராபிக்ஸ் தனக்கென்று மெமரி வைத்துக்கொள்ளாமல் ரேமிலேயே இடம் எடுத்துக்கொள்ளும். எனவே 16 ஜிபி ஒரே குச்சியாகப் போடாமல் இரண்டு 8 ஜிபியாகப் போட்டால் இரண்டு தடங்களில் தரவு ஓடும். கேமில் அந்த வேகம் கண்ணுக்கே தெரியும்.

கேம் என்றால் எந்த கேம் என்பதும் முக்கியம். 2020-ல் வந்த வாலரன்ட், பெரிய கார்டு எதையும் கேட்காது, உள்கிராபிக்ஸிலேயே ஆடலாம். பத்தாண்டு தாண்டிய ஜிடிஏ 5-ம் அப்படி ஒன்றும் பிடிவாதம் பிடிக்காது. சைபர்பங்க் 2077 வகையறாவுக்குத்தான் கார்டு வேண்டும். 8 ஜிபி மெமரி உள்ள ஆர்எக்ஸ் 6600, 1080பி திரையில் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060-க்கு ஏறக்குறைய ஈடு கொடுக்கும். விலையும் மின்சாரமும் குறைவு. ஆனால் அதே மெஷினில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் 4கே கலர் வேலை நடக்கும் என்றால் 3060-ன் 12 ஜிபிதான் கைகொடுக்கும். 4 ஜிபி கார்டில் இரண்டு எஃபெக்ட் சேர்த்தாலே ‘ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது’ என்று அது வேலையை நிறுத்திவிடும்.

ஆனாலும் கார்டைக் கடைசியில் வாங்குங்கள் என்பதே அவர் எல்லோருக்கும் சொல்வது. 2024 வாக்கில் அவர் போட்டுக் கொடுத்த கணக்கு ஏறக்குறைய இப்படி இருந்தது: ஐ5-12400 சுமார் 14,000 ரூபாய், மதர்போர்டு 7,500, 16 ஜிபி டிடிஆர்4 ரேம் 3,500, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 5,500, நல்ல 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் (கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) 4,000, காற்றோட்டமுள்ள கேபினெட் 3,000. 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட முப்பத்தெட்டாயிரத்துக்குள் அடங்கிவிட்டது. இந்த மெஷினில் அன்றைக்கே எடிட்டிங் தொடங்கலாம். 4கே கனமாக இருந்தால் ப்ராக்ஸி செய்துகொள்ளலாம்: ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன நகல் ஒன்றை மென்பொருளே உருவாக்கும், எடிட் முழுவதும் நகலில் நடக்கும், ரெண்டர் மட்டும் அசலில் நடக்கும். பிரீமியர் மென்பொருளில் 2016-லிருந்தே இந்த வசதி இருக்கிறது. ஆவணி, ஐப்பசி முகூர்த்தங்களின் வருமானத்தில் அப்போது இருபதாயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைத்த கார்டை வாங்கிச் செருகினால் போதும். எஸ்எம்பிஎஸ்ஸும் கேபினெட்டும் அதற்கு முன்பே தயாராக இருக்கின்றன அல்லவா? கடன் வாங்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான மெஷின்கள்தான் சந்தையில் அதிகம். ‘ஐ7, 16 ஜிபி, கிராபிக்ஸ் கார்டுடன் இருபத்தைந்தாயிரம்’ என்று விளம்பரம் வரும். பெட்டியைத் திறந்தால் மூன்றாம், நான்காம் தலைமுறைப் பிராசசர் இருக்கும். 2012, 2013-ல் வந்தது. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய அதை, பெயர் தெரியாத புதிய எச்61 அல்லது எச்81 போர்டில் பொருத்தி, ஜிடி 730 கார்டைச் செருகி, சுற்றிலும் விளக்கு வைத்திருப்பார்கள். ஐ7 என்பதில் பொய் இல்லை. எந்தத் தலைமுறை ஐ7 என்பதைத்தான் சொல்லமாட்டார்கள். 2022-ன் ஐ3 அதைவிட வேகமாக ஓடும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாப்டின் ஆதரவு முடிந்தது; விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றிக் கொடுப்பார்கள். பையன் வீட்டுக்குப் போய் வாலரன்ட் போட்டால், பாதுகாப்புக்கான டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் இல்லை என்று கேம் திறக்காது. நகையை அடகு வைத்து அந்த மெஷினை வாங்கிய குடும்பங்களை அவர் பார்த்திருக்கிறார். இந்தப் பேச்சு வந்தாலே அவர் குரல் கடுமையாகிவிடும்.

பழைய சாமான் என்றாலே ஆகாது என்பதில்லை. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ காசு தன் முறையை மாற்றிக்கொண்டதும், அந்தக் காசைத் தோண்ட ஓடிக்கொண்டிருந்த கிராபிக்ஸ் கார்டுகள் மலிவு விலைக்குச் சந்தையில் குவிந்தன. அவற்றில் நல்லதைப் பொறுக்கி எடுக்க முடியும். அவர் விசிறியை விரலால் சுற்றிப் பார்ப்பார். பேரிங் தேய்ந்திருந்தால் ஆடும். அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிச் சூட்டைப் பார்ப்பார். பில்லும் மீதி வாரண்டியும் இருந்தால் தைரியமாக வாங்கலாம் என்பார்.

சுவரில் வரும் கரண்டுக்கு வருவோம். காவிரி டெல்டாவில் இந்தத் தொழிலின் பாதி இதில்தான் இருக்கிறது.

பழைய ஓட்டு வீடுகளில் வயரிங் இரண்டு கம்பிகளோடு நின்றுவிட்டிருக்கும். மூன்று முனை ப்ளக்பாயின்ட் இருக்கும். மேல் ஓட்டையில் எர்த் கம்பி இருக்காது. அந்த வீட்டில் மெஷினை ஓடவிட்டுக் கேபினெட்டின் தகட்டில் டெஸ்டரை வைத்தால் மினுக்கென்று எரியும். வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்று இருக்கும். மெஷினில் ஷார்ட் என்று பயந்து தூக்கிக்கொண்டு வருவார்கள். மெஷினில் பழுது ஏதும் இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இரண்டு சிறிய கப்பாசிட்டர்கள், பேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக, தகட்டோடு இணைக்கப்பட்டிருக்கும். இரைச்சலை எர்த்துக்கு அனுப்புவது அவற்றின் வேலை. எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதியளவு தகட்டிலேயே தங்கிவிடும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளுக்குப் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் ஓடுகிற மெஷினில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகி டிவியோடு இணைக்கும்போது போர்ட் போய்விடக் கூடும். காவிரிப் பாசன மண்ணில் ஈரத்துக்குக் குறைவில்லை. கொல்லையில் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு, குழாய் இறக்கி எர்த் போடுவது இங்கே சுலபம். அதைச் செய்யாத வீட்டுக்கு மெஷினை அனுப்ப அவருக்கு மனம் வராது.

அடுத்தது கரண்ட் போகும் நேரம். 2012 வாக்கில் மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த காலத்தை ஸ்டுடியோக்காரர்கள் மறக்கமாட்டார்கள். முக்கால்வாசி ரெண்டர் ஆன வீடியோ அணைந்துபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். அந்த நிலை இப்போது இல்லை. ஆனாலும் மழைக்காலத்தில் கரண்ட் கண் சிமிட்டத்தான் செய்கிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். கரண்ட் போனதும் எஸ்எம்பிஎஸ் தன் கையிருப்பில் தாக்குப்பிடிப்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் இன்வெர்ட்டர் மாறவில்லை என்றால் மெஷின் அணைந்து எழும். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் ‘யூபிஎஸ் மோடு’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது தேவைப்படாததால் யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். அதை மாற்றிவிட்டாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. தனி யூபிஎஸ் வாங்குகிறவர்கள் வாட்ஸைப் பார்க்க வேண்டும். 600 விஏ என்று எழுதியிருக்கும் பெட்டி பொதுவாகத் தாங்குவது 360 வாட்ஸ். 12400 முழு வேகத்தில் 117, ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170, மற்றவையும் மானிட்டரும் சேர்ந்தால் அந்த எல்லை முடிந்துவிடும். அவர் 1 கேவிஏ எழுதிக் கொடுப்பார்.

எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் தூக்கிப் பார்த்தே அவர் தரம் சொல்லிவிடுவார். ‘450 வாட்ஸ்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி, கேபினெட்டோடு இலவசமாக வருவது இலேசாக இருக்கும். உள்ளே காயிலும் ஹீட்சிங்க்கும் சிறிதாக, வயர் மெலிதாக இருக்கும். ஒரு நாள் அது போகும்போது மதர்போர்டையும் சேர்த்துக்கொண்டு போகும். ‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரையும் ஐந்தாண்டு வாரண்டியும் உள்ளதைத்தான் போடுவார். அதில் ஐந்நூறு குறையுங்கள் என்று பேரம் பேசினால் மறுத்துவிடுவார். வேண்டுமானால் கேபினெட்டின் விளக்கைக் குறைத்துக்கொள்ளச் சொல்வார்.

அவர் மெஷின் கட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்து, அதன்மேல் போர்டை வைப்பார். சாக்கெட்டின் நெம்புகோலைத் தளர்த்தி, தகட்டைத் தூக்கி, பிராசசரின் மூலையில் உள்ள முக்கோணக் குறியைப் போர்டின் குறியோடு சேர்த்துப் பார்த்து, அழுத்தாமல் கையிலிருந்து விடுவார். நெம்புகோலை மூடும்போது கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானே கழன்று வரும். அதை மதர்போர்டு பெட்டிக்குள் பத்திரப்படுத்துவார். மூடி இல்லாமல் வாரண்டிக்குப் போர்டை அனுப்பினால் ஏற்க மறுப்பதுண்டு. பட்டாணி அளவு பேஸ்ட், மேலே கூலர், ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குவது. நான்கு இடமுள்ள போர்டில் இரண்டு ரேம் என்றால் பிராசசரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும். 24 முனை, 8 முனை வயர்களைச் செருகியபின், பவர் சுவிட்ச் இன்னும் இல்லாததால், அதற்குரிய இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொடுவார். விசிறி சுற்றும். திரையில் எழுத்து வந்தால், “டிஸ்ப்ளே வந்துடுச்சு தம்பி” என்பார். அதற்குப் பிறகே எல்லாம் கேபினெட்டுக்குள் போகும்.

பயாஸில் எக்ஸ்எம்பி-யை இயக்குவதும் அங்கேயே முடிந்துவிடும். 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம், அதை இயக்காவிட்டால் பெரும்பாலும் குறைந்த வேகத்திலேயே காலம் தள்ளும்.

கோப்புகளை வைப்பதில் அவர் முறை எளியது. விண்டோஸும் மென்பொருளும் கேச்சும் நடப்பு வேலையும் எஸ்எஸ்டி-யில். முடிந்த கல்யாணம் ஹார்ட் டிஸ்க்கில். அதன் இன்னொரு பிரதி வெளியே கழற்றி வைக்கும் டிஸ்க்கில், வேறொரு அறையில். தாலி கட்டியதை மறுபடி எடுக்க முடியாது. டிஸ்க் போய் ஒரு குடும்பத்துக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்ற ஸ்டுடியோக்காரரைப் பார்த்தவர் அவர். ஆகவே இரண்டாவது டிஸ்க்கைக் கணக்கில் சேர்க்காமல் எஸ்டிமேட் எழுதமாட்டார்.

குறுவையும் சம்பாவும் அறுவடையாகும்போது சாலையில் நெல் காயும். சுணை காற்றில் பறந்து மெஷினுக்குள்ளும் போகும். மாதம் ஒருமுறை முன்பக்க வலையைக் கழற்றித் தட்ட வேண்டும். ப்ளோயர் அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும், போர்டுக்குள் எதிர்மின்னழுத்தமும் போகலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலை இல்லாவிட்டாலும் தினம் அரை மணி நேரம் மெஷினை ஓடவிடுவது நல்லது. டிஸ்ப்ளே வராவிட்டால் ரேமைக் கழற்றி அதன் தங்க முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் போட்டாலே பெரும்பாலும் எழுந்துவிடும். பின்பக்கத் தகடு ஒன்று இல்லாவிட்டால் பல்லி உள்ளே போகும்; பல்லி எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் போனால் இரண்டுக்கும் உயிர் இருக்காது.

2025 கடைசியிலிருந்து கணக்கு மாறிப்போயிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் திருப்பிவிடப்பட, ரேம் விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் பெயரில் பொதுமக்களுக்கு விற்று வந்ததை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அறுபதாயிரத்துக்குள் கார்டோடு முடித்துவிடலாம் என்று இப்போது யாருக்கும் அவர் வாக்குக் கொடுப்பதில்லை. பழைய மெஷினில் டிடிஆர்4 ரேம் நன்றாக இருந்தால் அதைக் கழற்றிப் புதியதில் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்; அதற்காகவே டிடிஆர்4 போர்டாகத் தேர்ந்தெடுக்கிறார்.

மெஷின் வாங்கப்போகிறவர்கள் முதலில் ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கேமராவில் எடுத்த கிளிப் ஒன்றைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். அது உங்கள் கண்ணெதிரே டைம்லைனில் தடங்கலின்றி ஓடிய பிறகு பணம் கொடுங்கள். பிராசசரின் முழு மாடல் எண், எஸ்எம்பிஎஸ்ஸின் பெயர், ஒவ்வொரு சாமானின் சீரியல் எண் எல்லாவற்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். கார்டுக்குப் பணம் போதவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். அடுத்த முகூர்த்தத்துக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.